உள்ளே போகிற ஆள்

விசாரணைக்கு முந்தைய நாள் சாயங்காலம் சீனிச்சாமி மகன் வீட்டுக்கு வந்தார். சலவை வேட்டி, சலவைச் சட்டை, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. சம்பந்தம் பேசப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். தைப் பொங்கலுக்குப் பிறகு திருத்தங்கல் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர் இப்படி வந்து நிற்கிறாரே என்று மருமகள் அழகுமீனா யோசித்தாள். மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து, செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"ஏலே கதிரு, நாளைக்கு ரொம்பப் பேசாத. 'நான் சரியாப் பாக்கல, டாக்டர்ட்ட சொல்லாம விட்டுட்டேன்'னு ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டு வந்துரு. மிச்சத்தை அவுக பாத்துக்கிடுவாக."

கதிரவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் விசாரணைக்குப் போட்டுக்கொண்டு போகிற சட்டை அது. பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

"யாருப்பா சொன்னது, இப்படிச் சொல்லச் சொல்லி?"

"யாரு சொன்னா என்ன? நல்லதுக்குத்தான் சொல்றாக."

கதிரவனுக்கு வயது முப்பத்தேழு. ஒரு காலத்தில் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். இப்போது சிவகாசியில், டாக்டர் இராமகிருஷ்ணன் ஆஸ்பத்திரியில் பிசிஷியன் அசிஸ்டென்ட். ஊரில் பாதிப் பேருக்கு இந்த வேலை என்னவென்றே தெரியாது. கம்பவுண்டர் என்பார்கள், சின்ன டாக்டர் என்பார்கள், 'டாக்டருக்குப் பை தூக்குற வேலையா மாப்ள?' என்று மாமியாரே கேட்டிருக்கிறாள். நோயாளியை முதலில் பார்க்கிறவன் அவன். தொட்டு, கேட்டு, என்ன ஏது என்று கண்டுபிடித்து டாக்டரிடம் சொல்வான். டாக்டர் சொன்னதைச் செய்வான். கட்டுப் போடுவான், ஆபரேஷனில் கூட நிற்பான். அவனுக்குக் கண்டுபிடிக்க உரிமை உண்டு, தீர்மானிக்க உரிமை இல்லை. வம்பு அங்கேதான் வந்தது.

நடந்தது இதுதான்.

விருதுநகரில் பங்குனிப் பொங்கல். ஊரே அக்கினிச்சட்டி எடுக்கப் போயிருந்த அன்றைக்கும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ராஜபாண்டியன் பட்டாசுக் கம்பெனியில் வேலை நடந்தது. சாமி காத்திருக்கும், ஆர்டர் காத்திருக்காது என்பது அந்த முதலாளியின் பக்தி. வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் வெடிக் குழாயில் மருந்து செலுத்திக்கொண்டிருந்த பாண்டிச்செல்வியின் கையில் தீப்பற்றியது. உயிருக்கு ஒன்றுமில்லை. முழங்கையிலிருந்து விரல் வரை வலது கை மட்டும் சுற்றிலும் வெந்துபோயிருந்தது. கம்பெனி வேனில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கதிரவன் பார்த்தான். தீ சுற்றிலும் தின்ற கையில் தோல் காய்ந்த செருப்புத் தோல் மாதிரி இறுகும். உள்ளே வீங்கும். வீக்கம் வெளியே போக வழியில்லாமல் ரத்தக் குழாயை நெரிக்கும். நேரத்தோடு அந்தத் தோலைக் கீறிவிட்டால் கை பிழைக்கும், இல்லாவிட்டால் விரல்கள் செத்துப்போகும். அவளுடைய நகத்தை அழுத்தி விட்டான். வெளுத்த நகம் வெளுத்தே கிடந்தது.

டாக்டர் விருதுநகரில் இருந்தார். அன்றைக்குக் கோயிலில் அவர்கள் குடும்பத்து மண்டகப்படி. கதிரவன் கையில் உறை மாட்டியிருந்ததால் நர்ஸ் பானுப்பிரியா போனை ஸ்பீக்கரில் போட்டு அவன் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"சார், கை சுத்திலும் வெந்திருக்கு. விரலுக்கு ரத்தம் போகலை. நீங்க உடனே வந்து கீறிவிடணும், இல்லாட்டி நான் மதுரைக்கு அனுப்பிர்றேன்."

அந்தப் பக்கம் ஒரே கொட்டுச் சத்தம். அதற்கு மேலே டாக்டர் குரல் வந்தது. "மதுரையெல்லாம் வேண்டாம் கதிர். பெரியாஸ்பத்திரிக்குப் போனாக் கேஸாயிரும், மச்சான் இப்பத்தான் பேசினாரு. கையத் தூக்கிக் கட்டி வை. சாமியைக் கும்பிட்டுட்டு வந்துர்றேன்."

மச்சான் என்றால் ராஜபாண்டியன். டாக்டர் அவருடைய தங்கையைக் கட்டியவர். இது போதாதா?

கொஞ்ச நேரம் கழித்துக் கதிரவன் மறுபடி கூப்பிட்டான். விரல்களில் ஊசியால் குத்தினாலும் அவளுக்குத் தெரியவில்லை என்றான். டாக்டர் இந்தத் தடவை குரலை உயர்த்தினார். "டாக்டர் நீயா நானா? சொன்னதைச் செய்." கட்டிலில் கிடந்த பாண்டிச்செல்வி அதையும் கேட்டாள். "என்னண்ணே சொல்றாக?" என்று கேட்டாள். "வந்துட்டிருக்காக தாயி" என்றான் கதிரவன். பொழுது சாய்ந்து விளக்கு வைத்த பிறகுதான் டாக்டர் வந்தார். கீறினார். கடைசியில் மதுரைக்குத்தான் அனுப்பினார்கள். அங்கே கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலையும் எடுத்தார்கள். இவ்வளவு நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அங்கே இருந்தவர்கள் கேட்டு எழுத, அது மாவட்டத்துக்கு வந்து விசாரணையாக நின்றது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி எங்கே போகிறது என்று கதிரவனுக்கு இந்த ஒரு மாதமாகவே தெரிந்துதான் இருந்தது. டாக்டர் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஆனால் அப்பா தூது வருவார் என்று அவன் நினைக்கவில்லை.

"நான் சொன்னேன்ப்பா. ரெண்டு தடவை சொன்னேன். அவருதான் வேண்டாம்னாரு."

"இருக்கட்டும்லே. முதலாளி தப்பை முதலாளி ஒத்துக்கிட முடியுமா? கம்பெனியில பாக்காததா?"

கம்பெனியில் பார்த்ததுதான். ராஜபாண்டியன் கம்பெனியில் விபத்து நடந்தால் முதலாளி எந்தத் திசையில் போனார் என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் வரும்போது யாராவது ஒருத்தன் இருக்க வேண்டுமல்லவா? போர்மேன் இருப்பான். அவன் உள்ளே போவான். முதலாளி வக்கீல் வைப்பார், வீட்டுக்கு அரிசி மூட்டை போகும். கேஸ் ஆறியதும் அடுத்த சீசனுக்கு அதே போர்மேன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பான், முதலாளியும் எங்கிருந்தோ வந்திருப்பார். அதற்கு அங்கே விசுவாசம் என்று பெயர். செத்தவர்கள் மட்டும் எந்த சீசனுக்கும் திரும்ப மாட்டார்கள்.

சீனிச்சாமி அந்தக் காலத்தில் அப்படி உள்ளே போய் வந்தவர். கதிரவனும் ஒரு தடவை போனான். சித்திரை வெயிலில் ஒரே ஷெட்டில் இத்தனை பேரை உட்கார வைக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தான், முதலாளி கேட்கவில்லை, ஷெட் வெடித்துப் போயிற்று, இரண்டு பெண்கள் போனார்கள். அந்தத் தீபாவளிக்கு அவன் ஜெயிலில் உட்கார்ந்து ஊர் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டான். வெளியே வந்தபோது நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவன் போய் உட்காரவில்லை. வெந்து வருகிற உடம்புகளுக்கு ஒரு உதவியாகவாவது இருக்கலாமே என்று நினைத்தான். பிளஸ் டூவில் உயிரியல் படித்தது கைகொடுத்தது. காரியாபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜில் சேர்ந்து, தன்னை 'அங்கிள்' என்று கூப்பிட்ட பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நாலு வருஷம் படித்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே எலும்புகளின் பெயரை மனப்பாடம் செய்தான். அழகுமீனா அச்சாபீஸில் லேபிள் எண்ணி வீட்டைப் பார்த்துக்கொண்டாள். அந்த வயதில் புதிதாகப் படித்து வந்தவனை மதுரையில் யாரும் சேர்க்கவில்லை. இராமகிருஷ்ணன் சேர்த்தார். "மச்சான் கணக்கு வேற, என் கணக்கு வேற கதிர். இனிமே நீதான் என் வலது கை" என்றார். கதிரவன் அதை நம்பினான். நம்புவதற்கு ஆசைப்பட்டான் என்பதுதான் சரி.

"நான் ஒத்துக்கிட மாட்டேன்ப்பா" என்றான் இப்போது.

"நான் வாக்குக் குடுத்துட்டேன்லே."

"யாருக்கு?"

"ராஜபாண்டியன் முதலாளிக்கு. காலையில கூப்பிட்டு விட்டாக. போனேன். 'என் மகன் பேச்சை மீற மாட்டான் முதலாளி'ன்னுட்டு வந்திருக்கேன்."

"என்னைக் கேக்காம எப்படிப்பா குடுத்தீக?"

சீனிச்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லது செய்ய வந்த இடத்தில் குறுக்குக் கேள்வி கேட்டால் வராதா?

"அன்னைக்கு மட்டும் ஒன்னையக் கேட்டா குடுத்தேன்? ரெண்டு போர்மேன் இருந்தீகல்ல, நீயும் வேலுச்சாமியும். முதலாளி வேலுச்சாமியத்தான் அனுப்புறதா இருந்தாக. நாந்தான் போயி, 'என் மகன் போவான் முதலாளி, உசுரே போனாலும் வாயத் தொறக்க மாட்டான்'னேன். அம்புட்டுப் பேரு முன்னால முதலாளி எந்திரிச்சு என் கையைப் பிடிச்சாக, தெரியுமா? இன்ன வரைக்கும் சீனிச்சாமி வீட்டு ஆளுகன்னா அங்கன ஒரு மரியாத இருக்கு. ஒனக்கு என்ன கெட்டுப்போச்சு? போன, வந்த, படிச்ச!"

அழகுமீனா செம்பை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சட்டம் தன்னைப் பிடித்தது என்றுதான் கதிரவன் இத்தனை வருஷமாக நினைத்திருந்தான். அதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. சட்டத்துக்குக் கண்ணில்லை, யார்மேல் கோபப்பட முடியும்? இப்போது கண் இருந்தது தெரிந்தது. பெற்ற அப்பாவே அவனைத் தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டியிருக்கிறார். ஒரு தடவை நீட்டிப் பழகிய கை மறுபடியும் நீட்டியிருக்கிறது. அவனுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சு எரிந்தது. இந்த மனிதர் முகத்தில் இனி விழிக்கவே கூடாது என்று தோன்றியது.

"போயிட்டு வாங்கப்பா" என்றான். அதற்கு மேல் பேசினால் மரியாதை கெட்டுவிடும்.

மறுநாள் அவன் நம்பிக்கையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்பா கொடுத்த வாக்கு அப்பாவோடு. சாட்சி இருக்கிறதே! போனைப் பிடித்துக்கொண்டிருந்தவள் பானுப்பிரியா. அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்து ஸ்டோர் ரூமில் போய் அழுதவள். "எவன் கேட்டாலும் நான் சொல்லுவேண்ணே" என்று போன வாரம்கூட அவளாகவே வந்து சொன்னாள். அவளை விட்டாலும் பாண்டிச்செல்வி இருக்கிறாள். விரலைப் பறிகொடுத்தவளே சொல்லும்போது யார் மறுக்க முடியும்?

மாவட்டத்திலிருந்து ஒரு டாக்டரம்மாவும் இன்னொரு டாக்டரும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியின் மாடி அறையில் விசாரணை. இராமகிருஷ்ணன் முதலில் பேசினார். குரலில் கோபமே இல்லை, வருத்தம்தான் வழிந்தது.

"நல்ல பையன் மேடம். உழைப்பாளி. நான்தான் அளவுக்கு மீறி நம்பிட்டேன். போன் பண்ணினான், இல்லைங்கல. ஆனா சின்னக் காயம், கட்டிட்டேன்னுதான் சொன்னான். இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் மண்டகப்படியைப் போட்டுட்டு ஓடி வந்திருக்க மாட்டேனா?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். கதிரவன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒரு தடவைகூட இவன் பக்கம் திரும்பவில்லை.

பானுப்பிரியாவைக் கூப்பிட்டார்கள். வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணன் போன்ல பேசுனாக மேடம். கை நல்லாருக்குன்னுதான் சொன்னாக." சொல்லிவிட்டு, கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள். "மதுரைன்னு எதுவும் பேசலை."

"பானு!" என்றான் கதிரவன்.

அவள் நிமிரவில்லை.

"மேடம், பேஷன்ட்டைக் கேளுங்க. பக்கத்துலதான் கெடந்தாங்க. எல்லாத்தையும் கேட்டாங்க" என்றான். அவன் குரல் அவனுக்கே கெஞ்சுவதுபோல் கேட்டது.

விரல்களை எடுத்த பிறகு கட்டு மாற்ற பாண்டிச்செல்வி இங்கேதான் வந்து போய்க்கொண்டிருந்தாள். கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கதவருகே அவள் புருஷன் முனியராஜ் நின்றான். அவனும் ராஜபாண்டியன் கம்பெனியில்தான் லோடு ஏற்றுகிறான். டாக்டரம்மா நல்லபடியாகத்தான் கேட்டார். "பயப்படாமச் சொல்லும்மா. இவர் உன்னை மதுரைக்கு அனுப்பணும்னு டாக்டர்கிட்டச் சொன்னாரா?"

பாண்டிச்செல்வி புருஷனைப் பார்த்தாள். பிறகு கதிரவனையும் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் செய்கிற கூச்சம் இல்லை. கடைக்குப் போகிறவனிடம் ஒரு சாமான் சொல்லி அனுப்புகிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தாள்.

"இல்லம்மா. ஒண்ணும் ஆகாது, இங்கனயே கெடன்னு இவுகதான் சொன்னாக."

பானு சொன்னபோது கதிரவனுக்குக் கோபம் வந்தது. இவள் சொன்னபோது கோபம்கூட வரவில்லை. அன்றைக்குப் பூரா இந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன். ஐந்து விரலையும் காப்பாற்ற இரண்டு தடவை போன் பண்ணித் திட்டு வாங்கியவன். அந்தக் கைக்காரியே அவனைத் தள்ளிவிட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா அவனிடம்.

அப்பாவின் வாக்கு அவன் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஒத்துக்கொண்டுவிட்டால் எல்லாம் சீக்கிரம் முடியும்.

"நான் சொன்னேன் மேடம். அவர் வேண்டாம்னார். நான் கேட்டுக்கிட்டேன். அவர் பேச்சை மீறி நானே நூத்தியெட்டைக் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடலை, அது என் தப்பு. ஆனா நான் சொல்லலைங்கிறது பொய்."

"அதுக்குச் சாட்சி?"

சாட்சிகள் மூன்று பேரும் அந்த அறையிலேயே இருந்தார்கள்.

இனி எந்த நோயாளியையும் தொடக் கூடாது என்றார்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் இந்த வேலை பார்க்க முடியாதபடி அவன் பெயரை நீக்கச் சொல்லி மேலே எழுதப்போவதாகவும் சொன்னார்கள். இராமகிருஷ்ணன் எழுந்து கைகூப்பி அவர்களை வழியனுப்பப் போனார். போகிற போக்கில் கதிரவனின் தோளில் லேசாகத் தட்டினார். அந்தத் தட்டலை அவனால் பொறுக்கவே முடியவில்லை.

கீழே இறங்கி வந்தான். தாழ்வாரத்தில் பெஞ்சு ஓரமாகச் சீனிச்சாமி நின்றுகொண்டிருந்தார். அவரைத் தாண்டி நடந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அண்ணே, ஒரு நிமிசம். இந்தக் கட்டு இறுக்குது."

பாண்டிச்செல்வி பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் முன்னால் நடந்தது யாருக்கோ நடந்தது மாதிரி. "நேத்துக் கட்டுனவுக இறுக்கிட்டாகண்ணே. கட்டவிரலு மரத்துப் போகுது."

போய்விடலாம் என்றுதான் நினைத்தான். தொடாதே என்று சொல்லியாயிற்று, தொட்டால் இன்னொரு குற்றம். மரத்துப்போனால் போகட்டும், எனக்கென்ன என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்தான். பிறகு கால் திரும்பியது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, மிச்சமிருந்த ஒற்றை நகத்தை அழுத்தி விட்டான். வெளுத்து, மெதுவாகச் சிவந்தது. கட்டை அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட ஆரம்பித்தான்.

"இப்பத் தேவல" என்றாள் அவள். "நாளை மறுநாளும் நீங்களே கட்டி விட்டுருங்கண்ணே."

"நாளை மறுநாள் நான் இருக்க மாட்டேன்."

"லீவா?"

"வேலை போயிருச்சு. நீ சொன்னதுலதான்."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது தெரியும்ண்ணே. சீசன் ஆரம்பிச்சதும் கூப்பிட்டுக்கிடுவாகல்ல? 'சீனிச்சாமி மகன் பளக்கப்பட்ட ஆளு, போயிட்டு வந்துருவான், நீ தைரியமாச் சொல்லு'ன்னு முதலாளி சொன்னாக. இல்லாட்டி நான் சொல்லியிருப்பேனா? எனக்காக அம்புட்டுப் பேசுனவுகளை?"

கதிரவன் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"நாற்காலி காத்துக் கெடக்கிறது போர்மேனுக்குத்தான் தாயி. இதுல எந்த சீசனும் கெடையாது. ஒரு தடவை வெளிய அனுப்பிட்டா எந்த ஆஸ்பத்திரிலயும் உள்ள விட மாட்டாக. படிச்ச படிப்பு, எல்லாம் அம்புட்டுதான். முடிஞ்சுபோச்சு."

பெஞ்சுக்குப் பின்னாலிருந்து சீனிச்சாமி ஒரு எட்டு முன்னால் வந்தார். சலவைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"என்னலே சொல்ற? திரும்ப எடுக்க மாட்டாகளா? முதலாளி... முதலாளி என்ட்ட அப்படிச் சொல்லலையே!"

கதிரவன் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் நின்றார், பிறகு பெஞ்சின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

பாண்டிச்செல்வியின் முகம் இப்போதுதான் மாறியது. புருஷன் எங்கே என்று தேடினாள், அவன் வெளியே கம்பெனி மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்தான். மாடிப்படியைப் பார்த்தாள். கடைசியில் தன் கையைப் பார்த்தாள்.

"அப்போ இந்தக் கையை இனி யாருண்ணே பாப்பாக?"

கதிரவன் முடிச்சுக்கு உள்ளே ஒரு விரலை விட்டுத் தளர்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். சரியாக இருந்தது. எழுந்து பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.